நாய், பூனை கிளினிக் வேலையா, மாட்டின் மீத்தேனை அளக்கும் ஆராய்ச்சியா? பெங்களூரிலிருந்து ஒரு கேள்வி

கிடேரி_அல்சூர்:

எல்லோருக்கும் வணக்கம். நான் அல்சூரில் பிறந்து வளர்ந்தவள். ஹெப்பாளில் கால்நடை மருத்துவம் படித்தேன், இன்டர்ன்ஷிப்பும் போன மாதம் முடிந்துவிட்டது. இந்திரா நகர் பக்கம் ஒரு நாய், பூனை கிளினிக்கில் மாதம் 45,000 தருகிறேன் என்கிறார்கள், வீட்டிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிஷம். அப்பாவுக்கு அதில்தான் விருப்பம். எனக்கு எம்.வி.எஸ்சி. என்ற கால்நடை மருத்துவ முதுகலையில் கால்நடை உணவியல் எடுத்து, அப்புறம் மாடுகளின் மீத்தேன் பற்றிய ஆராய்ச்சிக்குள் போக வேண்டும் என்று ஆசை. வீட்டில் சொன்னதும் "மாடு விடுகிற ஏப்பத்தை அளக்கவா அஞ்சரை வருஷம் படிச்சே" என்று அப்பா கேட்டார். கோபத்தில் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார், எனக்கும் சரியான பதில் சொல்ல வரவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இந்த ஆசை வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். இன்டர்ன்ஷிப்பில் கோலார் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தோம். கன்று ஈன்ற மறுநாளே படுத்துவிட்ட ஒரு எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பு மாடு. கால்சியம் பாட்டிலை நரம்பில் மெதுவாக ஏற்றினோம், கொஞ்ச நேரத்தில் உடம்பை உதறிக்கொண்டு எழுந்து நின்றது, மாட்டுக்காரம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கு அன்றைக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். மூன்று வாரம் கழித்து அதே ஊருக்குப் போனபோது அதே மாடு, விலா எலும்பை எண்ணிவிடலாம், வேளைக்கு இரண்டு லிட்டருக்கு இறங்கியிருந்தது பால். தொட்டியைப் பார்த்தேன். காய்ந்த கேழ்வரகுத் தட்டையான ராகித் தாள், ஒரு கை தவிடு, வேறு ஒன்றுமே இல்லை. நாங்கள் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தது மாட்டுக்கு, வியாதியோ தொட்டியில் இருந்தது. அதற்குப் பிறகு ரூமன் என்ற மாட்டின் முதல் வயிற்றைப் பற்றித் தேடித் தேடிப் படித்தபோது, அந்தக் காய்ந்த தாள்தான் பாலாகாமல் மீத்தேனாகவும் போகிறது என்று தெரிந்தது.

இந்தத் துறையில் இருபது முப்பது வருஷம் இருந்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் சொல்லுங்கள். ஒரு நாள் எப்படிப் போகும்? மீத்தேன் என்பது இப்போது எல்லோரும் பேசுகிறார்கள் என்பதால் வந்த அலையா, நாளைக்கு அடங்கிவிடுமா? வாழ்க்கை நடத்தச் சம்பளம் வருமா?


ஆனேக்கல்_தொழுவம்:

பாப்பா, நான் விஞ்ஞானி இல்லை. ஆனேக்கல் பக்கம் ஆறு கறவையும் இரண்டு கிடேரியும் வைத்திருக்கிறேன், அப்பா காலத்தில் தர்மபுரியிலிருந்து வந்தோம். இந்த மீத்தேன் பேச்சை டி.வி.யில் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். கார் ஓட்டுகிறவன், ஏ.சி. போடுகிறவன் எல்லாம் சும்மா இருக்க, நாலு மாடு வைத்துக்கொண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறவன்தான் உலகத்தைச் சூடாக்குகிறான் என்கிற மாதிரிப் பேசுகிறார்கள். அதற்காக நீ படிக்கப் போகிறாய் என்றால் எனக்கு அதில் சம்மதம் இல்லை.

ஆனால் நீ அந்தத் தொட்டியை எட்டிப் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறாய் பார், அதைப் படித்ததும் உனக்குப் பதில் போட வேண்டும் என்று தோன்றியது. இருபத்திரண்டு வருஷமாக மாடு வைத்திருக்கிறேன். சினை ஊசி போட வருகிறார்கள், கோமாரித் தடுப்பூசிக்கு வருகிறார்கள், லோன் வேண்டுமா என்று வருகிறார்கள். என் மாடு என்ன தின்கிறது, எவ்வளவு தின்கிறது என்று கேட்டு ஒருவரும் வந்தது கிடையாது. புண்ணாக்குக் கடைக்காரர் சொல்கிற அளவுதான் எனக்கு அளவு. பால் விற்ற காசில் முக்கால்வாசி தீவனக் கடைக்கே போகிறது. அதைக் குறைக்க ஏதாவது வழி சொல்வதற்காக நீ படித்தால் சந்தோஷமாகப் படி.


வைக்கோல்போர்:

தொழுவத்து அண்ணன் சொன்ன பிறகு என் வேலை பாதி சுலபமாகிவிட்டது. நான் நாமக்கல்லில் படித்தவள். 1996இல் பெங்களூர் வந்தேன், தீவன ஆராய்ச்சியிலேயே வேலைக்காலம் முழுக்கப் போனது, ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. உன் அப்பா கேட்ட கேள்வியை என் அம்மாவும் கேட்டார், அதனால் முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன் அம்மா.

உங்கள் வீட்டு கேஸ் சிலிண்டரில் 14.2 கிலோ கேஸ் இருக்கும். இந்தியத் துணைக்கண்டத்துக் கறவை மாடு ஒன்று வருஷத்துக்கு சுமார் 58 கிலோ மீத்தேன் விடுகிறது என்று ஐ.நா.வின் பருவநிலை நிபுணர் குழுவான ஐ.பி.சி.சி. 2006இல் கொடுத்த கணக்கு. நாலு சிலிண்டர் எடை. அந்த நாலு சிலிண்டரையும் யார் நிரப்பியது? மாட்டுக்காரர்தான், தீவனம் வாங்கிப் போட்டு. மாடு தின்னும் தீவனத்தின் மொத்த ஆற்றலில் 2 முதல் 12 சதவீதம் வரை மீத்தேனாகப் போய்விடும், பொதுவாகக் கணக்குப் போடுவது 6.5 சதவீதம். தொட்டியில் போட்டது வாய் வழியாகவே திரும்பிப் போகிறது. அப்பாவிடம் சிலிண்டரைக் காட்டிச் சொல்லிப் பார்.

வாய் வழியாக என்று சொல்கிறேன், கவனி. பத்திரிகைகளில் மாட்டின் வாலுக்குப் பின்னால் புகை வருவது போலப் படம் போடுகிறார்கள், பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். மிகப் பெரும்பகுதி ஏப்பமாகவும் மூச்சாகவும்தான் வெளியே வருகிறது. முதல் வயிற்றில் நுண்ணுயிர்கள் நார்ச்சத்தை உடைக்கும்போது ஹைட்ரஜன் வரும். அது தேங்கினால் நொதித்தலே தடைப்படும். ஆர்க்கியா என்ற பழைய வம்சத்து நுண்ணுயிர் ஒன்று அந்த ஹைட்ரஜனையும் கரியமில வாயுவையும் சேர்த்து மீத்தேனாக்கி விடுகிறது, மாடு ஏப்பம் விட்டு வயிற்றைக் காலி செய்கிறது. மாட்டின் மேல் குற்றமே இல்லை. வைக்கோலைத் தின்று பால் கொடுக்கும் உடம்புக்கு அந்தக் கதவு தேவைப்படுகிறது. வைக்கோல், தாள் போன்ற நார் அதிகமானால் நொதித்தலில் வரும் அமிலங்களில் அசிட்டேட் அதிகம், ஹைட்ரஜனும் அதிகம். மாவுச்சத்து சேர்ந்தால் புரோப்பியோனேட் என்ற இன்னொரு அமிலம் அதிகம், அது ஹைட்ரஜனைத் தானே எடுத்துக்கொள்ளும், மீத்தேன் குறையும். முப்பது வருஷமும் நான் மல்லுக்கட்டியது இந்த ஹைட்ரஜனோடுதான். இதை எங்கே திருப்பி விடுவது, மாட்டின் பசியையும் செரிமானத்தையும் கெடுக்காமல் எப்படித் திருப்பி விடுவது.

ஒரு நாள் எப்படிப் போகும் என்று கேட்டாய். காலை ஆறு மணிக்கு, மாட்டுக்குத் தீவனம் வைப்பதற்கு முன்பு, வெந்நீர் ஊற்றிச் சூடாக்கி வைத்த ஃபிளாஸ்கோடு தொழுவத்துக்குப் போக வேண்டும். வயிற்றில் கானுலா என்ற மூடி போட்ட குழாய் பொருத்திய மாட்டிடமிருந்து ரூமன் நீர் எடுத்து, ஃபிளாஸ்க் ஆறுவதற்குள் ஓடி வர வேண்டும். நாலு மடிப்பு மஸ்லின் துணியில் வடிகட்டு, மேலே கரியமில வாயு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், காற்று பட்டால் உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் செத்துவிடும். பக்கத்தில், அமிலத்தன்மை மாறாமல் காக்கும் தாங்கல் கரைசல் தயாராகும். அதில் ரெசசூரின் என்று ஒரு நிறமி. முதலில் நீலம், ஆக்சிஜன் போகப் போக இளஞ்சிவப்பு, முழுக்கப் போனால் நிறமே இருக்காது. அந்த இளஞ்சிவப்பு மறைகிற நிமிஷத்துக்காக நின்று பார்த்துக்கொண்டிருப்போம், எத்தனை வருஷம் ஆனாலும் எனக்கு அது சலிக்கவில்லை. அப்புறம் 100 மில்லி கண்ணாடி சிரிஞ்சு, பிஸ்டனில் வாசலின் தடவி, உள்ளே 200 மில்லிகிராம் அரைத்த தீவனம், 30 மில்லி கலவை, 39 டிகிரியில் 24 மணி நேரம். பிஸ்டன் தானாக மேலே ஏறும். எவ்வளவு ஏறியது என்று படித்து, அந்த வாயுவில் மீத்தேன் எவ்வளவு என்று, வாயுக்களைப் பிரித்து அளக்கும் குரோமட்டோகிராஃப் கருவியில் பார்க்க வேண்டும். ஜெர்மனியில் ஹோஹன்ஹைம் பல்கலைக்கழகத்தில் மென்கே என்பவர் குழு கொண்டு வந்த முறை இது. வாசனை தலைமுடியில் ஏறிவிடும். பஸ்ஸில் பக்கத்து சீட் பெண்மணி எழுந்து போயிருக்கிறார், நான் தப்பாக நினைத்ததில்லை.

சிரிஞ்சு சொல்வதை மாடு சொல்ல வேண்டும் என்று கட்டாயம் இல்லை, அதுதான் இந்தத் துறையின் பெரிய துக்கம். ஒரு இலையை மூன்று வருஷம் சோதித்தேன். சிரிஞ்சில் மீத்தேன் அழகாகக் குறைந்தது. மாட்டுக்குக் கொடுத்தபோது மாடு அதைக் கலந்த தீவனத்தையே ஒதுக்கிவிட்டது. தின்னும் அளவு குறைந்தால் மீத்தேனும் குறையும், பாலும் குறையும், யாருக்கு லாபம்? டானின் என்ற துவர்ப்புச் சத்து உள்ள எந்தப் பொருளும் இப்படித்தான், கொஞ்சம் போனால் புரதத்தை வயிற்றில் காப்பாற்றிக் கொடுக்கும், கூடினால் செரிமானத்தைக் கட்டிப் போடும். நடுவில் இருக்கும் கோடு மிக மெல்லியது. புளியங்கொட்டையின் தோல் இருக்கிறதல்லவா, கொட்டையை மாவாக்கும் ஆலைகளில் கழித்துப் போடும் அந்தச் சிவந்த தோல், அதில் டானின் நிறைய. பெங்களூர் ஆடுகோடியில் இருக்கும் தேசியக் கால்நடை உணவியல் மற்றும் உடலியங்கியல் நிறுவனம் அதை வைத்து வேலை செய்தது, பிறகு ஹரித் தாரா என்று டானின் செடிகளிலிருந்து ஒரு கூட்டுப்பொருளை வெளியிட்டது. மீத்தேன் 17 முதல் 20 சதவீதம் குறையும், கிலோ ஆறு ரூபாய் அளவில் தயாரிக்கலாம் என்று சொன்னார்கள். நம் ஊர்க் குப்பையிலிருந்து நம் மாட்டுக்கு ஒரு வழி. எனக்கு இந்தப் பாதைதான் பிடிக்கும்.

ஆடுகோடி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. அந்த வட்டாரத்தில்தான் 1923இல் இம்பீரியல் பால்பண்ணை நிறுவனம் தொடங்கியது, 1927இல் உடம்பு தேற பெங்களூரில் தங்கியிருந்த காந்தி அங்கே போய் மாடு வளர்ப்பு கற்றுக்கொண்டார். இன்று அது தேசியப் பால் ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல நிலையம்.

அலையா என்று கேட்டாய். 1965லேயே ஸ்காட்லாந்தில் பிளாக்ஸ்டரும் கிளாப்பர்ட்டனும் தீவனத்தை வைத்து மீத்தேனைக் கணிக்க ஒரு சூத்திரம் போட்டார்கள். மாட்டையும் பருவநிலையையும் சேர்த்து அப்போது பேசவில்லை, அவர்கள் வீணாகும் ஆற்றலைத் தேடிப் போனவர்கள். நாளைக்கு உலகம் மீத்தேனை மறந்தாலும் தொட்டி அங்கேயேதான் இருக்கும். தொட்டியிலிருந்து தொடங்கினால் உனக்கு வேலை தீராது.

தொழுவத்து அண்ணனுக்கும் ஒரு வார்த்தை. நம் மாட்டைக் குற்றவாளி ஆக்குவதில் எனக்கும் உடன்பாடு இல்லை. அதே ஐ.பி.சி.சி. கணக்கில் வட அமெரிக்க மாடு நம் மாட்டைப் போல இரண்டு மடங்குக்கு மேல் மீத்தேன் விடுகிறது. ஆனால் அது வருஷத்துக்கு 8,400 கிலோ பால் கொடுக்கும், நம்முடையது 900 என்று எடுத்துக்கொள்கிறார்கள். வகுத்துப் பாருங்கள், நம் பக்கம் ஒரு கிலோ பாலுக்கு 64 கிராம் மீத்தேன், அங்கே 15 கிராம் பக்கம். 2019 கணக்கெடுப்பில் நம் நாட்டில் 19.35 கோடி மாடும் 10.98 கோடி எருமையும் இருந்தன. அதில் ஒவ்வொரு கிடேரியும் முதல் கன்று ஈனும் வரை, ஒவ்வொரு வற்றல் மாடும் அடுத்த ஈத்து வரை, பால் இல்லாமல் தீவனம் தின்று ஏப்பம் விட்டுக்கொண்டிருக்கிறது. நாலு வயதில் ஈனும் கிடேரி இரண்டரை வயதில் ஈன்றால் உங்களுக்கு ஒன்றரை வருஷத் தீவனம் மிச்சம், காற்றுக்கும் அது நல்லது. இரண்டும் ஒரே கணக்குதான் அண்ணா.


ஆலை_மணி:

நான் ஒரு தீவன ஆலையில் நியூட்ரிஷனிஸ்ட், யஷ்வந்த்பூரில் இருக்கிறேன். மேடம் சொன்னது எல்லாம் சரி, ஆனால் காசு விஷயத்தை அவர் தொடவில்லை, நான் சொல்கிறேன்.

தங்கச்சி, எம்.வி.எஸ்சி. முடித்து ஒரு ஆராய்ச்சித் திட்டத்தில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர்) ஆகச் சேர்ந்தால் 2023 முதல் மாதம் 37,000, எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை ஆய்வாளர்) ஆனால் 42,000, வீட்டு வாடகைப் படி தனி. திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்தது. நிரந்தரம் வேண்டுமென்றால் ஏ.ஆர்.எஸ். என்ற வேளாண் ஆராய்ச்சிப் பணித் தேர்வு எழுதி விஞ்ஞானியாக வேண்டும், இல்லையென்றால் கால்நடைப் பல்கலைக்கழகங்களில் உதவிப் பேராசிரியர். இரண்டிலும் இடம் குறைவு, அறிவிப்பு வருவதற்கே வருஷக்கணக்கில் காத்திருந்தவர்களைத் தெரியும். நானும் அந்தக் காத்திருப்பில் மூன்று வருஷம் இருந்தேன். நான் வேலை பார்த்த இடத்தில் என் ஆய்வேட்டைத் திருத்தாமலே பதினான்கு மாதம் வைத்திருந்தார்கள், அதற்குள் கல்யாணம், வீட்டு லோன், கம்பெனிக்கு வந்துவிட்டேன். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. அதனால் வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது அவரிடம் இதற்கு முன் படித்த நாலு பேரிடம் பேசிவிட்டு முடிவு செய், தலைப்பை விட அது முக்கியம்.

மேடத்தோடு ஒரு இடத்தில் எனக்குக் கருத்து வேறுபாடு. தொட்டியிலிருந்து தொடங்கு என்கிறார், நான் மீத்தேன் என்ற பெயரையே முன்னால் வை என்பேன். பணம் அங்கேதான் இருக்கிறது. 2021 கிளாஸ்கோ மாநாட்டில் 2030க்குள் மீத்தேனை 30 சதவீதம் குறைப்போம் என்று நாடுகள் கையெழுத்துப் போட்டன, இந்தியா போடவில்லை, அது சரியான முடிவு என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் டென்மார்க் 2030 முதல் கால்நடை வெளியேற்றத்துக்கே வரி போடப் போகிறது. நியூசிலாந்தின் மொத்தப் பசுங்குடில் வாயுக்களில் பாதி விவசாயத்திலிருந்து வருகிறது, அவர்கள் இதில் கொட்டும் உழைப்பு கொஞ்சம் இல்லை. நெதர்லாந்தில் வாகனிங்கன் பல்கலைக்கழகம், நைரோபியில் சர்வதேசக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம், கலிஃபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகம், இங்கெல்லாம் பி.எச்டி.க்கும் அதற்கு மேலும் ஆள் எடுக்கிறார்கள். நைரோபியை நன்றாகப் பார். நம்மைப் போலவே சின்ன விவசாயி, காய்ந்த தீவனம், மேய்ச்சல், அங்கே கற்றது இங்கே செல்லும்.

மருந்து மாதிரி ஒரு பொடியைத் தூவினால் தீர்ந்துவிடும் என்று மட்டும் எதிர்பார்க்காதே. 3-என்.ஓ.பி. என்ற, தீவனத்தில் கலக்கும் பொருள் கறவை மாடுகளில் மீத்தேனை 30 சதவீதம் அளவுக்குக் குறைக்கிறது, ஐரோப்பா 2022லேயே அனுமதித்தது. ஆனால் அது ரூமனில் சீக்கிரம் உடைந்துவிடும், ஒவ்வொரு வாய்த் தீவனத்திலும் கலந்திருக்க வேண்டும். ஆனேக்கல் அண்ணன் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை அடர்தீவனம் வைக்கிறார், நடுவில் தாளும் புல்லும். அங்கே அது எப்படி வேலை செய்யும்? அஸ்பராகாப்சிஸ் என்ற சிவப்புக் கடற்பாசி இன்னும் அதிகம் குறைக்கும், ஆனால் அதில் வேலை செய்வது புரோமோஃபார்ம், காற்றில் ஆவியாகிற சரக்கு. பதப்படுத்துவது, பாலில் இறங்குகிறதா என்று பார்ப்பது, எல்லாம் தனி வேலை. நம் மாட்டுக்கான விடையை நம் ஆட்கள்தான் கண்டுபிடித்தாக வேண்டும். அதனால்தான் நீ இந்தப் பக்கம் வர வேண்டும் என்று எனக்கு ஆசை.


வைக்கோல்போர்:

மணி, பணம் பற்றி நீங்கள் சொன்னதை மறுக்கமாட்டேன். பெயரை முன்னால் வைப்பதில்தான் எனக்குப் பயம். மீத்தேன் எண்ணை மட்டும் குறைக்கப் பழகிவிட்டால், மாடு குறைவாகத் தின்றதைக்கூட வெற்றி என்று எழுதிவிடுவோம். அப்படி எழுதப்பட்ட கட்டுரைகளை நான் மதிப்பீடு செய்து திருப்பி அனுப்பியிருக்கிறேன். தீவன அளவு, பால், உடல் எடை, சாணம், அதற்குப் பிறகுதான் மீத்தேன், அந்த வரிசை மாறக்கூடாது.

குஜராத் ஆனந்தில் இருக்கும் தேசியப் பால்வள வாரியம் செய்த சமச்சீர் தீவனத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிராமத்திலேயே ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து, மாட்டின் எடை, பால், கையில் இருக்கும் தீவனம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் போட்டு, இன்னது இவ்வளவு கொடு என்று சொன்னார்கள். புதுப் பொடி எதுவும் இல்லை. தீவனச் செலவு இறங்கியது, பால் ஏறியது, ஒரு கிலோ பாலுக்கான மீத்தேனும் கூடவே இறங்கியது.


கிடேரி_அல்சூர்:

மேடம், அண்ணா, எல்லோருக்கும் நன்றி. சிலிண்டர் கணக்கை அப்பாவிடம் சொன்னேன். சமையலறைக்குப் போய் சிலிண்டரைத் தூக்கிப் பார்த்துவிட்டு வந்து, "ஒரு மாடா?" என்று இரண்டு தடவை கேட்டார். இன்னும் சம்மதம் சொல்லவில்லை, ஆனால் அதற்கப்புறம் ஏப்பம் என்று சொல்வதை விட்டுவிட்டார்.

இன்னும் ஒரு சந்தேகம். மேய்கிற மாட்டை எப்படி அளப்பீர்கள்? அடைத்த அறையில் வைத்து அளப்பது புரிகிறது, வெளியில்?


வைக்கோல்போர்:

கந்தக ஹெக்ஸாஃபுளோரைடு முறை, எஸ்.எஃப்.சிக்ஸ் என்போம். 1994இல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் வெளியிட்டது. விரல் அளவு பித்தளைக் குழாயில் அந்த வாயுவை அடைத்து, 39 டிகிரியில் வைத்து, வாரக்கணக்கில் எடை போட்டுக்கொண்டே வர வேண்டும், ஒரு நாளைக்கு எத்தனை மில்லிகிராம் கசிகிறது என்று உறுதியாகத் தெரியும் வரை. பிறகு அதை மாட்டின் முதல் வயிற்றுக்குள் இறக்குவோம். மாட்டின் மூக்குப் பக்கம் ஒரு மெல்லிய குழாய், கழுத்தில் வெற்றிடமாக்கிய டப்பா, 24 மணி நேரம் மூச்சுக்காற்று கொஞ்சம் கொஞ்சமாக அதில் சேரும். உள்ளே விட்ட வாயு எவ்வளவு என்று தெரியும், டப்பாவில் அதற்கும் மீத்தேனுக்கும் உள்ள விகிதம் தெரியும், மீதி கணக்கு.

சொல்ல ரொம்பச் சுலபம். ஒரு முறை எட்டு மாட்டுக்கு மாட்டிவிட்டு விடியற்காலையில் போய்ப் பார்த்தால், செவலை ஒன்று கழுத்தைத் தூணில் தேய்த்துத் தேய்த்து டப்பாவின் இணைப்பை உடைத்து வைத்திருந்தது. அந்த ஒரு மாட்டின் கணக்கு போனால் சோதனையின் கணக்கே கோணும், மறுபடியும் முதலிலிருந்து அளக்க வேண்டும். தொழுவத்தில் உட்கார்ந்து அழுதேன். செவலை வந்து என் தோளை நக்கியது. அதற்குக் கழுத்தில் எந்த இடத்தில் அரிக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன், பட்டை உராய்ந்து தோல் சிவந்திருந்தது. அடுத்த முறை பட்டைக்கு உள்ளே பழைய கம்பளியைச் சுற்றித் தைத்தோம், ஒரு டப்பாகூட உடையவில்லை.


ஆனேக்கல்_தொழுவம்:

மேடம், நீங்கள் கிடேரி பற்றிச் சொன்ன கணக்கை ராத்திரி என் மனைவியோடு உட்கார்ந்து போட்டேன். பெரிய கிடேரிக்கு மூன்று வயது முடிந்துவிட்டது, இன்னும் சினை நிற்கவில்லை. இதுவரை அது தின்றதைக் கூட்டிப் பார்த்து இருவரும் பேசாமல் இருந்துவிட்டோம்.

பாப்பா, நீ எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் சரி, சேரும் வரை சும்மாதானே இருப்பாய். ஒரு நாள் இங்கே வா. அல்சூரிலிருந்து பஸ் இருக்கிறது. என் மாடு என்ன தின்கிறது என்று எழுதிக் கொடு.


கிடேரி_அல்சூர்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். அண்ணன் வீட்டுக்கு இரண்டு தடவை போய் வந்துவிட்டேன், இரண்டாவது தடவை அப்பாவும் கூட வந்தார். மார்க்கெட்டில் தொங்கவிடும் தராசு ஒன்று வாங்கிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலையும் மாலையும் ஆறு கறவைக்கும் சேர்த்து 36 கிலோ ராகித் தாள் போட்டோம். சனிக்கிழமை விடிந்ததும் தொட்டியைத் துடைத்து மீதியை எடை போட்டால் எட்டே முக்கால் கிலோ. கிட்டத்தட்ட கால் பங்கு. அண்ணன் தினமும் அதைக் கூட்டிக் குப்பைக்குழியில் போட்டுவிடுவாராம், இவ்வளவு இருக்கும் என்று அவருக்குத் தெரியவே தெரியாது. மீதியைக் கையில் எடுத்துப் பார்த்தேன், இலை ஒன்றுகூட இல்லை, எல்லாம் அடித்தண்டு, பென்சில் போலக் கெட்டி. சுவரில் ஆணியில் தாது உப்புப் பை தொங்கியது, பிரிக்கவே இல்லை, கலந்தால் மாடு முகர்ந்துவிட்டுப் போய்விடுகிறது என்றார் அக்கா. தவிட்டை நனைத்துப் பிசறி அதில் கொஞ்சமாகக் கலந்து வைத்தோம், ஐந்து மாடு தின்றுவிட்டது, ஒன்று மட்டும் ஒதுக்கியது.

கிளினிக்கில் சேரவில்லை என்று போன் செய்து சொல்லிவிட்டேன். எம்.வி.எஸ்சி. நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறேன்.

மேடம், ஆறு மாட்டின் மீதியையும் ஒன்றாகச் சேர்த்து எடை போட்டது தப்பா?


வைக்கோல்போர்:

தப்பு இல்லை, ஆனால் அதிலிருந்து எந்த மாடு ஒதுக்குகிறது என்று உனக்குத் தெரியாது. தொட்டிக்கு நடுவில் பலகை வைத்துத் தடு, மாட்டுக்கு ஒரு பை, பையில் மாட்டின் பெயர். மீதியிலிருந்து கைப்பிடி எடுத்து எடை போட்டு, உலர வைத்து மறுபடியும் எடை போடு, ராத்திரி மாடு எச்சில் வடித்த ஈரமும் அதில் சேர்ந்திருக்கும். தாளை இரண்டு அங்குலத்துக்கு நறுக்கிப் போட்டால் தண்டைப் பொறுக்கி ஒதுக்க முடியாது. நறுக்குவதற்கு முன் ஒரு வாரம், நறுக்கிய பின் ஒரு வாரம், பாலையும் இரண்டு வேளையும் தனித்தனியே எழுது. அந்தப் பெரிய கிடேரிக்கு நெஞ்சளவு எடுத்து அனுப்பு, எடை எவ்வளவு என்று பார்த்துச் சொல்கிறேன், எடை வராத கிடேரி சினை பிடிக்காது.


ஆனேக்கல்_தொழுவம்:

நறுக்கும் மெஷின் பக்கத்து வீட்டில் இருக்கிறது, கேட்டுவிட்டேன், தருகிறேன் என்றார்கள். வருகிற சனிக்கிழமை வரை நறுக்காமலே போடுகிறேன். மீதியைக் கூட்டாமல் அப்படியே விட்டு வைக்கச் சொல்லிவிட்டேன் வீட்டில். தராசை மறந்துவிடாதே பாப்பா.